புளிப்பு மட்டும் வீட்டில் விளைந்தது

கும்மிடிப்பூண்டியில் ரூபார்ப் விளையாது. அதற்குக் குளிர் வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு 5 டிகிரிக்கும் குறைந்த குளிரில் வாரக்கணக்கில் உறங்கி எழுந்தால்தான் வசந்தத்தில் சிவந்த தண்டு விடும். எங்கள் ஊரில் மார்கழி விடியற்காலையில்கூட வெப்பமானி 20க்குக் கீழே இறங்க யோசிக்கும். சிப்காட் பக்கம் வீடென்றால் அந்த 20ம் சந்தேகம்தான். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், வேக்ஃபீல்ட் நகரைச் சுற்றி, இந்தத் தண்டுக்கென்றே சன்னல் இல்லாத நீளக் கொட்டகைகள் உண்டு. இரண்டு வருடம் வயலில் கிடந்து உறைபனி வாங்கிய கிழங்கைப் பெயர்த்துவந்து இருட்டில் வைப்பார்கள். வெளிச்சம் தேடி அது கிடுகிடுவென்று நீளும். பறிப்பதும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான். 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்த ஊர்த் தண்டுக்கு, நம் புவிசார் குறியீடு மாதிரி, பாதுகாக்கப்பட்ட பெயரும் கொடுத்தது.

இதையெல்லாம் நான் தெரிந்துகொள்ள நேர்ந்ததற்கு நாலாம் வகுப்புப் படிக்கும் அண்ணன் மகள் காரணம். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி பேரப்பிள்ளைகளோடு தோட்டத்தில் இறங்கிச் சிவந்த தண்டுகளை முறுக்கிப் பிடுங்கி, நறுக்கி, சர்க்கரை தூவி, மேலே மாவை உதிர்த்து ஓவனில் வைப்பதைப் பார்த்திருக்கிறாள். “அத்த, நம்ம வீட்லயும் செவப்புத் தண்டு இருக்குல்ல? அதுல கேக்கு செய்ய முடியாதா?” என்று பின்கட்டைக் காட்டினாள். அங்கே இருந்தது புளிச்சக்கீரை.

செடி நூல்படி பார்த்தால் ரூபார்புக்கு இந்தப் பக்கத்தில் நெருங்கிய பங்காளி ஒன்று உண்டு. சுக்காங்கீரை. இரண்டும் ஒரே குடும்பம், இரண்டிலும் அதே ஆக்சாலிக் புளிப்பு. ஆந்திர வீடுகளில் பருப்போடு வேகவைக்கிற கீரை. ஆனால் அதன் காம்பு சட்டியில் போட்ட சில நிமிடங்களில் குழைந்து காணாமல் போய்விடும். பங்காளியாக இருந்தால் மட்டும் போதுமா, வேலைக்கு உதவ வேண்டாமா? புளிச்சக்கீரைக்கும் ரூபார்புக்கும் சம்பந்தமே இல்லை. அது செம்பருத்தி, வெண்டை வகையறா. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. குழந்தை ஆசையோடு கடித்துப் பார்த்த அந்தச் சிவந்த தண்டு வெறும் நார். விசாகப்பட்டினத்துக்கு வடக்கே இதையும் இதன் உடன்பிறப்பான இன்னொரு செடியையும் ஊறப்போட்டு நாரெடுத்துச் சாக்கு நெய்வார்கள். ஒரு காலத்தில் பீமிலிப்பட்டினம் துறைமுகத்தின் பெயராலேயே அந்த நார் கப்பலேறியது. சாக்குத் துணியில் கேக் செய்ய முடியாது என்று சொல்லிப் பேச்சை முடித்திருக்கலாம். ஆனால் இந்தச் செடியில், இந்த ஊரில் யாரும் தின்னாத ஒரு பாகம் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் இதைப் புளிச்சக்கீரை என்பவர்களும் உண்டு, கோங்கூரா என்பவர்களும் உண்டு. பாதி வீடுகளில் தாய்மொழி தெலுங்கு. ஆரம்பாக்கம் தாண்டினால் தடா, ஆந்திரம். 1960 ஏப்ரல் 1இல் எல்லைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, பழைய செங்கல்பட்டு ஜில்லாவின் சில கிராமங்கள் அந்தப் பக்கம் போயின. கீரைக் கட்டுக்கு அந்தக் கோடு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. கீரையை ஆய்ந்து, எண்ணெயில் வதக்கி, காய்ந்த மிளகாயும் பூண்டும் வைத்து அரைத்தால் அங்கே பச்சடி, இங்கே தொக்கு. எப்படிச் செய்தாலும் தின்பது இலையைத்தான். செடி பூவெடுத்துவிட்டால் ‘முத்திடுச்சி’ என்று பிடுங்கிப் போட்டுவிடுவார்கள்.

பூவெடுத்த பிறகுதான் கதையே ஆரம்பம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது பின்தெரு லைன் வீட்டில் இருக்கிற ஜார்க்கண்ட் குடும்பம். அப்பாவுக்கு இரும்பு உருக்கும் உலையில் வேலை. அவருடைய மகள் எங்கள் வீட்டுச் சுவரோரம் முற்றிப் போய் நின்ற செடியைப் பார்த்ததும் பழகிய முகத்தைக் கண்டதுபோல நின்றாள். வெளிர்மஞ்சள் பூ ஒரே நாளில் வாடி விழும். அதற்குப் பிறகு அடியிலிருக்கும் புல்லிவட்டம் சதைபிடித்துக் கருஞ்சிவப்பாக, ஒரு விரற்கடை நீளத்துக்கு உப்பும். அவர்கள் ஊரில் அதற்குக் குத்ரும் என்று பெயர். மிளகாயும் உப்பும் வைத்து அரைத்துச் சட்னி செய்வார்களாம், காயவைத்து வருடம் முழுக்க வைத்துக்கொள்வார்களாம். இலையைப் பற்றிக் கேட்டால் அவ்வளவு உற்சாகமில்லை. நாங்கள் எறிவதை அவர்கள் தின்கிறார்கள். அவர்கள் கண்டுகொள்ளாததை நாங்கள் கட்டு போட்டு விற்கிறோம். ரூபார்பிலும் இப்படி ஒரு பங்கீடு உண்டு, கொஞ்சம் கொடுமையான பங்கீடு. தண்டு உணவு, இலை நஞ்சு. முதல் உலகப் போரில் உணவுப் பஞ்சம் வந்தபோது பிரிட்டனில் அந்த இலையையும் கீரையாகத் தின்னலாம் என்று யோசனை சொல்லப்பட்டு, தின்றவர்கள் சிலர் செத்தும் போனார்கள்.

ஜமைக்காவில் கிறிஸ்துமஸ் பானம், சூடானில் கர்க்கடே, மெக்சிகோவில் குளிர்நீர், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் பாட்டிகள் காய்ச்சும் ஜாம். இந்தச் சிவந்த புல்லிவட்டம் போகாத ஊரில்லை. கும்மிடிப்பூண்டிக்கு மட்டும் அது ஜார்க்கண்ட் வழியாக வந்து சேர வேண்டியிருந்தது.

அடுத்த ஆடியில் அதற்கென்றே விதை போட்டோம். இந்தச் செடி பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும். ஆடியில் விதைத்தாலும் அதற்கு முன்னால் விதைத்தாலும், புரட்டாசி தாண்டிப் பகல் சுருங்கினால்தான் மொட்டு. அதுவரை வளர்ந்துகொண்டே இருக்கும். இந்த மூன்று மாதம்தான் வீட்டுக்குள் சண்டை. அம்மாவுக்குப் புரட்டாசியில் கீரை வேண்டும். நுனியைக் கிள்ளினால் கிளை பெருகும், அது நல்லதுதான். ஆனால் கட்டுக் கட்டாகப் பறித்தால் செடிக்கு ஏது தெம்பு? பிள்ளைகள் சாக்பீஸால் நாலு பைகளில் ‘கேக்’ என்று எழுதிவைத்தார்கள். ஐப்பசி மழையில் எழுத்து அழிந்தது. அழிந்த மறுநாள் வீட்டில் தொக்கு.

பைகள் என்றேன். செடி தரையில் இல்லை, வளர்ப்புப் பையில். வீட்டுத் தோட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாக இந்த இடத்தில் தாய்மண்ணைப் பற்றி நாலு வரி உருகுவார்கள். எனக்கு அது முடியாது. எங்கள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டு எடுத்தால் சில நாள் வெள்ளை வேட்டியில் கரும்பொடி இருக்கும். பழைய இரும்பை உருக்குகிற உலைகளும் கம்பி இழுக்கிற மில்களும் நிறைந்த ஊர். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் வற்றல் போட வேண்டும். அதற்கு முன்பே சாலை இருந்தது. கல்கத்தா போகிற பழைய ஜி.என்.டி. ரோடு, இன்று தேசிய நெடுஞ்சாலை 16. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியா முழுக்க நின்றது 2000ஆம் ஆண்டில்தான். அதுவரை சாலையோர மண்ணில் படிந்த ஈயம் மழையில் கரைந்து ஓடிவிடுகிற சரக்கு அல்ல, மேல்மண்ணிலேயே தங்கும். கீரைக்கும் கிழங்குக்கும் அந்த ஆபத்து கூடுதல், காய்க்கும் கனிக்கும் குறைவு. அதிலும் வேர் உறிஞ்சுவதைவிட மேலே ஒட்டிக்கொள்ளும் புழுதியே பெரிய தொல்லை.

ஆகவே செம்மண் வேறு இடத்திலிருந்து லாரியில் வந்தது. தென்னை நார்க்கழிவு செங்கல் செங்கலாகக் கடையிலிருந்து வந்தது. ஆட்டெரு மட்டும் பக்கத்துக் கிராமம். பைகளைத் தெருப்பக்கம் வைக்காமல் பின்கட்டில், வீடே மறைப்பாக நிற்கும்படி வைத்தோம். காய்களை ஒவ்வொன்றாக விரித்து மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவினோம், முதல் தண்ணீரின் நிறத்தைப் பிள்ளைகள் பார்க்கும்படியாகவே. அவர்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? அந்தப் பொடி எங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும், அவர்கள் வீட்டுச் சம்பளமும் அங்கிருந்தே வருகிறது என்பதும் தெரியும்.

கேக் செய்ய நாள் குறித்தது பஞ்சாங்கம் பார்த்தல்ல, ஷிப்ட் அட்டவணை பார்த்து. அண்ணனுக்கு அந்த வாரம் நைட் ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் மூன்று மணி வரை வீட்டில் ஊசி விழும் சத்தமும் கூடாது. மிக்ஸி கிடையாது, டிவி கிடையாது, குழந்தைகளின் சண்டைகூடச் சைகையில்தான். சிப்காட் ஊர்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த மௌன விளையாட்டு கைவந்த கலை. அதனால் சர்க்கரையைப் பொடிப்பதும் வெண்ணெயைக் குழைப்பதும் முழுக்கக் கையால். அம்மியில் சர்க்கரை நுணுக்கினால் சத்தம் வருமா என்று ஒரு விவாதம் நடந்தது, கிசுகிசுப்பாக. வரும் என்று முடிவாகி, அம்மியைத் தெருக்கோடி வீட்டில் கடன் வாங்கினார்கள்.

எதிர்வீட்டுப் பையனின் அப்பா சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். அவன் தின்னாத கேக்கை யார் செய்வது? ஆகவே முட்டை கூடாது. முட்டை இல்லையென்றால் தயிரும் சோடா மாவும். இந்தச் சின்ன முடிவு எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தகரத் தட்டு வந்தது முகாமிலிருந்து. 1990இல் ஈழத்திலிருந்து வந்தவர்களுக்காக இங்கே அமைந்த முகாம் அது. 2021 முதல் மறுவாழ்வு முகாம் என்று அரசு பெயர் மாற்றியிருக்கிறது. தமிழ்நாட்டுச் சின்ன ஊர்களில் கேக் என்பது பேக்கரியில் பெயரெழுதி வாங்குவது. இலங்கையிலிருந்து வந்த வீடுகளில் அது பிறந்தநாளுக்கும் வருடப் பிறப்புக்கும் வீட்டில் அடிப்பது. தட்டைக் கொடுத்த அக்கா கூடவே வந்து உட்கார்ந்துவிட்டார். “ஒரே பக்கமா அடியுங்கோ பிள்ளையள், மாத்தி மாத்தி அடிச்சா திரைஞ்சு போயிரும்” என்றார். அறிவியல்படி அது சரியா என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. பிள்ளைகள் முறை வைத்து அடித்தார்கள், ஒரே பக்கமாக. கை வலித்தவர் கிண்ணத்தை அடுத்தவரிடம் தள்ள வேண்டும் என்பது சட்டம்.

புல்லிவட்டத்துக்குள் பச்சையாக ஒரு விதைக்கூடு இருக்கும். அதை நோண்டி எடுக்க வேண்டும். கத்தியைக் கொடுக்க எனக்கு மனமில்லை. அண்ணன் ஒரு நாள் விரலளவு எவர்சில்வர் குழாய்த் துண்டொன்றைக் கொண்டுவந்து கொடுத்தார், ஓரம் மழுங்க ராவியது. காம்புப் பக்கம் வைத்து அழுத்தினால் விதைக்கூடு மறுபக்கம் பொளக்கென்று வந்து விழும். அதற்குப் பிறகு அந்த வேலையை யாரும் யாருக்கும் விட்டுத்தரவில்லை. ஒரு முறம் நிறைய காய், ஒரு முறம் நிறைய சிரிப்பு, அதுவும் சத்தமில்லாமல்.

விதைக்கூட்டை எறியக் கூடாது. குவீன்ஸ்லாந்துப் பாட்டிகளின் சூட்சுமம் அதில்தான் இருக்கிறது. கூடு மூழ்கத் தண்ணீர் விட்டு அரைமணி நேரம் மெல்ல வேகவைத்தால் பெக்டின் இறங்கும். ஜாமைக் கெட்டிப்படுத்துகிற பசை அதுதான். கடையில் பொடியாக விற்பதை இந்தச் செடி தானே வைத்திருக்கிறது. வெந்த நீரை வடித்து, அதில் சிவந்த இதழ்களைப் போட்டுக் குழைய விட்டோம். அடுப்படி முழுக்க ஒரு வாசனை, புளியும் இல்லை பழமும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ. குழைந்த விழுதை அளந்து அதே அளவு சர்க்கரை. கெட்டியாகிவிட்டதா என்று பார்க்கத் தட்டை முன்பே பிரிட்ஜில் வைத்திருந்தோம். ஒரு சொட்டு விட்டு விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும். விழவில்லை, விழவில்லை, பிறகு விழுந்தது. அந்த நொடியில் எதிர்வீட்டுப் பையன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தண்ணீராக இருந்தது தன் கண்ணெதிரே வேறொன்றாக ஆனதைப் பார்த்தவன் முகம் அது.

இப்போது சோடா மாவு. பாதி ஜாமைக் கேக் மாவிலேயே கலந்துவிடலாம், ரோஸ் நிறத்தில் கேக் வரும் என்பது பிள்ளைகளின் திட்டம். முதலில் ஒரு டம்ளரில் பார்த்துவிடுவோம் என்று சொன்னேன். வடித்த சிவப்பு நீரில் ஒரு சிட்டிகை சோடா மாவைப் போட்டதும் நுரைத்துக்கொண்டு எழுந்தது. நுரை அடங்கும்போது சிவப்பு ஊதாவாகியிருந்தது. இன்னொரு சிட்டிகை. ஊதா நீலமாகி, நீலம் ஒருமாதிரிப் பாசி நிறத்துக்கு இறங்கியது. எலுமிச்சை பிழிந்தால் மறுபடி சிவப்பு. அந்த நிறப்பொருளுக்கு ஆந்தோசயனின் என்று பெயர். புளிப்பில் சிவக்கும், காரத்தில் நீலிக்கும். செம்பருத்திப் பூவை வைத்து இதே சோதனை பள்ளிப் புத்தகத்தில் படமாக இருக்கிறது. படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறார்கள். அந்தப் பாடமும் இந்த டம்ளரும் ஒன்று என்று கண்டுபிடிக்க அவர்களுக்குச் சற்று நேரம் பிடித்தது. கண்டுபிடித்த பிறகு வீட்டிலிருந்த எலுமிச்சம்பழம் முழுக்கத் தீர்ந்தது.

ஆக, முட்டையை விலக்கியதால் சோடா, சோடாவால் நிறம். தயிரின் புளிப்பும் ஜாமின் புளிப்பும் சோடாவைச் சரிக்குச் சரி தீர்த்துவிட்டால் நிறம் பிழைக்கும். சோடா மிஞ்சினால் கேக் சாம்பல் பூத்த கத்திரிப்பூ நிறத்தில் வரும். அளவைக் குறைத்துச் சிவப்பைக் காப்பாற்றலாம், அல்லது ஜாமை மாவில் கலக்காமல் நடுவில் ஒரு படுகையாக வைக்கலாம் என்று சொன்னேன். பிள்ளைகள் மூவரும் கூடிப் பேசி, கத்திரிப்பூ நிறமே வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அந்த நிறத்தில் கேக்கை எந்தப் பேக்கரியிலும் பார்த்ததில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். நல்ல காரணம்தான்.

ஓவன் எங்களிடம் இல்லை. தமிழ்நாட்டில் பெரும்பாலான வீட்டுக் கேக்குகளின் ஓவன் பிரஷர் குக்கர். 2020இன் ஊரடங்கில் அது வீட்டுக்கு வீடு பரவியது. கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் வளையத்தை வைத்துப் பத்து நிமிடம் சூடேற்றித் தட்டை இறக்க வேண்டும். உப்பு இல்லாவிட்டால் வெறும் பாத்திரம் காந்திப் பாழாகும். சிறு தீயில் முக்கால் மணி நேரம். ஈர்க்குச்சியைக் குத்தி எடுத்தால் மாவு ஒட்டக் கூடாது.

இந்த முக்கால் மணி நேரத்தில்தான் பிள்ளைகள் தங்கள் அப்பாக்களின் வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். உலையில் ஒருமுறை உருக்கி இறக்குவதற்கு ‘ஹீட்’ என்று பெயர். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களிடம் “இன்னைக்கு எத்தன ஹீட்?” என்று கேட்பது எங்கள் தெருவில் குசலம் விசாரிப்பது. இரும்பு உருகுவது 1,538 டிகிரியில். இறக்கும்போது அதற்கு மேலும் சூடு வைத்து, லேடிலில் வாங்கி, பில்லட்டாக வார்ப்பார்கள். அதுவே ரோலிங் மில்லுக்குப் போய்க் கம்பியாகும். நாட்டில் எங்கெங்கோ எழும்புகிற வீடுகளுக்குள் எங்கள் ஊர்க் கம்பி இருக்கிறது. ஆனால் அந்த உலையை இந்தப் பிள்ளைகள் பார்த்ததில்லை. கேட்டுக்கு உள்ளே அவர்களுக்கு அனுமதி இல்லை, இருக்கவும் கூடாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவின் சட்டையில் பொரி விழுந்த ஓட்டைகளும், முன்கையில் ரோமம் கருகிய வாசனையும். சுற்றிலும் இவ்வளவு பொருள்கள் உருவாகிற ஊரில், எதுவும் உருவாவதைப் பார்க்காமலே அவர்கள் வளர்கிறார்கள். விளையாட்டுச் சாமான் முதல் பிஸ்கட் வரை முழுதாக உறைக்குள் வருகிறது. எங்கள் தாத்தா காலத்துப் பிள்ளை நெல் அவிப்பதையும், செக்காடுவதையும், பட்டறையில் கொழு அடிப்பதையும் வேடிக்கை பார்த்தே பாதிப் பொழுதைக் கழித்தது. அன்றைய வறுமையை நான் மறந்துவிடவில்லை. வேடிக்கை பார்க்கக் கிடைத்ததை மட்டும் சொல்கிறேன்.

குக்கர் மூடியின் துளையில் ஆவி வந்தபோது அண்ணன் மகள் அதன்மேல் கையைத் தூரமாக வைத்துப் பார்த்து, “இதுவும் ஒரு ஹீட்டுதான” என்றாள். ஜார்க்கண்ட் சிறுமி தமிழிலேயே திருத்தினாள்: “எங்கப்பாது ஆயிரத்து அறுநூறு. இது நூத்தி எண்பது.”

சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அன்று செலவானதில் பாதி அதுதான். ரூபார்ப் பல நூற்றாண்டுகள் மருந்தாகத்தான் இருந்தது. காய்ந்த வேர், பேதிக்கு. இன்றும் நாட்டு மருந்துக் கடையில் ரேவல்சின்னி என்று கேட்டால் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். சீனத்திலிருந்து அது ஐரோப்பாவுக்குப் போனது. 1839இல் விக்டோரியா மகாராணிக்கு எழுதிய கடிதத்தில் சீன ஆணையர் லின் ஸெஷூ, தேயிலையும் ரூபார்பும் இல்லாமல் வெளிநாட்டார் ஒருநாள் தாக்குப்பிடிப்பார்களா என்ற தொனியில் கேட்டார். அதே காலத்தில் இங்கிலாந்தில் வேரை விட்டுத் தண்டுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புளிப்பைக் குழந்தைகள் தின்ன வேண்டுமென்றால் சர்க்கரை அள்ளிக் கொட்ட வேண்டும். சர்க்கரை மலிந்தால்தான் அது நடக்கும். மலிந்தது. 1874இல் பிரிட்டன் சர்க்கரைக்கு இருந்த வரியை அடியோடு எடுத்தது.

அந்த மலிவின் மறுபக்கத்தில் நம்மவர்கள் இருந்தார்கள். பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறை ஒழிந்ததை ஒட்டி, 1834 முதல் மொரீசியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். 1860இல் மெட்ராஸிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் நேட்டாலில் முதல் கூட்டத்தை இறக்கியது. பிறகு வட ஆற்காட்டிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் ஏராளமானவர்கள் போனார்கள். திருவள்ளூரும் பொன்னேரியும் அன்றைக்குச் செங்கல்பட்டு ஜில்லா. ஆங்கிலேயக் குழந்தையின் தட்டில் இருந்த சர்க்கரையெல்லாம் கரும்புச் சர்க்கரை இல்லை, போகப் போக ஐரோப்பியப் பீட்ரூட் சர்க்கரைதான் அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் அந்த யூடியூப் பாட்டி ‘எங்கள் வீட்டில் விளைந்தது’ என்று பெருமையாகத் தண்டை ஆட்டும்போது, விளைந்தது புளிப்பு மட்டும்தானே என்று எனக்குத் தோன்றத்தான் செய்கிறது. இனிப்பு வேறெங்கோ, வேறு யாரோ குனிந்து வெட்டியது.

எங்கள் கேக்கிலும் அதே கணக்கு. மைதா எந்த மாநிலத்துக் கோதுமையோ. வெண்ணெய் பாக்கெட். சோடா மாவு தொழிற்சாலைச் சரக்கு. சர்க்கரைக்கு வேண்டுமானால் கொஞ்சம் உரிமை கொண்டாடலாம். திருவாலங்காட்டில் திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது, எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து சேர்ந்ததாகச் சொல்லும் ஊரில் இன்று கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டுகின்றன. ஆனால் மளிகைக் கடை மூட்டையில் ஊர்ப் பெயர் எழுதியிருப்பதில்லை. மண்ணும் லாரியில் வந்தது என்று முன்பே சொல்லிவிட்டேன். செடியே ஆப்பிரிக்கச் செடி. மிச்சமிருப்பது, ஆடி முதல் மார்கழி வரை அந்தப் பைகளில் சேர்ந்த புளிப்பு ஒன்றுதான். அதற்குத்தான் பிள்ளைகள் தண்ணீர் ஊற்றினார்கள், எறும்புக்குச் சாம்பல் தூவினார்கள், பாட்டியிடம் சண்டை போட்டார்கள். ‘நாங்கள் செய்தது’ என்று அவர்கள் சொல்லும்போது எதைச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெளிவாக இருக்கிறது.

கேக் ஓரத்தில் கொஞ்சம் கருகி, நடுவில் கத்திரிப்பூ நிறத்தில், மேலே கோடு கோடாக வெடித்து வந்தது. வாசனைக்கு அண்ணன் தானாகவே எழுந்து வந்தார். ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணைச் சுருக்கி, “பச்ச மொளகா இருந்தா எடுப்பா இருக்கும்” என்றார். முகாம் அக்கா, தித்திப்புப் போதாது, இன்னும் கால் பங்கு சீனி போட்டிருக்க வேண்டும் என்றார். ஜார்க்கண்ட் சிறுமி ஜாமை மட்டும் வழித்துத் தின்றுவிட்டு, மீதியைத் தம்பிக்கு எடுத்துப்போகக் காகிதம் கேட்டாள். மாலை போட்டவர் வீட்டுக்கு ஒரு துண்டு தனித் தட்டில் போனது.

அடுத்த வருடத்துக்கான சண்டை அன்று மாலையே ஆரம்பித்துவிட்டது. அடுத்த முறை சர்க்கரையைப் பாதியாகக் குறைக்க வேண்டும், அப்போதுதான் காயின் ருசி தெரியும் என்கிறாள் அண்ணன் மகள். குறைத்தால் யாரும் தின்ன மாட்டார்கள், தின்னாத கேக்கை எதற்குச் செய்வது என்கிறான் எதிர்வீட்டுப் பையன். கூடவே, பைகளைத் தெருப்பக்கம் வைத்தால் வெயில் அதிகம், காய் இன்னும் பெரிதாகும் என்றும் ஒரு யோசனை வைத்திருக்கிறான். பைகள் பின்கட்டை விட்டு நகராது என்று சொல்லிவிட்டேன். சர்க்கரை விஷயத்தில் நான் எந்தப் பக்கமும் பேசவில்லை.